கனகாவின் இரண்டு ஃப்ரீ த்ரோ

போன ஞாயிற்றுக்கிழமை புதூர்நாட்டில் ஊரே கூடி என்னைத் திட்டியது. திட்டி முடித்ததும் பலாச்சுளை கொடுத்தார்கள். இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் மலையிறங்கினேன்.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் குணம் தெரியும். கண்டக்டர் ஸ்டாப்பைத் தாண்டி இறக்கிவிட்டது, டாக்டர் என் பெயரைத் தப்பாக எழுதியது, கல்யாண சமையல்காரர் ரசத்தில் உப்பை மறந்தது… எதையாவது விட்டுவைத்திருக்கிறேனா? அடுத்தவர் தப்பு என்றால் எனக்குப் பேனா தானாக ஓடும். இந்த வாரம் கொஞ்சம் நொண்டுகிறது. காரணம், இந்த முறை மாட்டியது நானே.

திங்கள் முதல் வெள்ளி வரை திருப்பத்தூரில் ஓர் அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சாம்பல் நிறச் சட்டை, கறுப்பு பேன்ட், கழுத்தில் விசில் — கூடைப்பந்து ரெஃப்ரி. இருபத்திரண்டு வருட அனுபவம். “மேடம் கண்ணுல மண்ணைத் தூவ முடியாது” என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரை யாராவது சொல்லும்போது அடக்கமாகச் சிரிப்பேன். உள்ளுக்குள் அவ்வளவு அடக்கம் இருக்காது.

புதூர்நாட்டில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மூன்று வருடத்துக்கு முன் சிமென்ட் கோர்ட் போட்டார்கள். கோர்ட் வந்ததும் பெண்கள் அணி ஒன்றும் வந்துவிட்டது. கோச் கிடையாது. கேப்டன் மல்லிகா சொல்வதுதான் சட்டம். மல்லிகா பனியன் எண் ஏழு, காலேஜ் முடித்தவள், எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் போகும். மற்றவர்களில் சிலர் கல்லூரிப் பெண்கள், சிலர் கேழ்வரகு அறுத்துவிட்டு நேராக கோர்ட்டுக்கு வருபவர்கள்.

எண் பதினொன்று கனகா. முப்பத்தி நாலு வயது, இரண்டு பிள்ளைகள், பள்ளியில் சத்துணவு சமைக்கிறவர். அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதே கையோடு வந்து பந்தைப் பிடிப்பாராம். இதைச் சொன்னது ஸ்கோர் எழுதும் கோவிந்தன் சார், அதே பள்ளி வாத்தியார், அதே மலைக்காரர். “மூணு வருஷமா ஒரு நாள் விடாம வராங்க மேடம். மேட்ச்ல மட்டும் இதுவரைக்கும் ஒரு பந்துகூட உள்ள போனதில்ல” என்றார். கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார்.

எதிரணி வாணியம்பாடி. வேனில் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி பை, ஒரே மாதிரி ஷூ. கோச் ஷமீம் மேடம், அந்தக் காலத்தில் என்னோடு காலேஜ் அணிக்கு ஆடியவர். ஜெயிக்கிற அணிக்கு திருப்பத்தூரில் அடுத்த சுற்று. வாணியம்பாடிக்கு அது வருடா வருடம் போய் வருகிற இடம். புதூர்நாட்டுக்காரிகளோ மூன்று வருடமும் முதல் ஆட்டத்திலேயே வெளியே போனவர்கள். இந்த வருடம் எப்படியாவது திருப்பத்தூர் கோர்ட்டில் கால் வைத்துவிட வேண்டும் என்று மலையே எதிர்பார்த்தது. ஜீப் டிரைவர்கள் சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் துணை ரெஃப்ரி ரஃபீக் பாய். அவரும் வாணியம்பாடி, தோல் கம்பெனி சூப்பர்வைசர். ஊர்ப் பாசத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிற மனிதர். அவர் ஊதுகிற ஃபவுல்களில் பாதி வாணியம்பாடி மேல்தான் விழும்.

ஆட்டம் கடைசி வரைக்கும் இழுபறி. இருபது விநாடி பாக்கி. வாணியம்பாடி 41, புதூர்நாடு 40. புதூர்நாட்டுப் பெண் ஒருத்தி பந்தோடு உள்ளே பாய்ந்தாள். நாலைந்து பேர் மேலே விழுந்தார்கள். ரஃபீக் பாய் விசில் ஊதினார். ஃபவுல்! இரண்டு ஃப்ரீ த்ரோ.

கூடைப்பந்து தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்தை எறியும்போது யாராவது இடித்துவிட்டால், இடிபட்டவர் ஒரு கோட்டில் நின்று யாரும் தடுக்காமல் இரண்டு முறை எறியலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாயிண்ட். முக்கியமான விஷயம், இடிபட்டவர்தான் எறிய வேண்டும். வேறு யாரும் எறியக் கூடாது.

இந்த நேரம் பார்த்துக் கடிகாரம் நிற்காமல் ஓடிவிட்டது. அதைச் சரிசெய்ய ரஃபீக் பாய் மேசைக்கு ஓடினார். ஃப்ரீ த்ரோவை நடத்துவது என் பொறுப்பானது. அந்தக் கும்பலில் இடிபட்டது யாரென்று நான் சரியாகப் பார்க்கவில்லை. கோட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்த்தேன். பதினொன்று. கனகா.

இங்கேதான் என் இருபத்திரண்டு வருட அனுபவம் என்னைக் கவிழ்த்தது. இந்த இடத்தில் அணிகள் செய்யும் தில்லுமுல்லு எனக்கு அத்துப்படி. இடிபட்டவளுக்கு எறிய வராது என்றால், அமளியோடு அமளியாக நன்றாக எறிகிறவளைக் கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எத்தனை பேரைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்! அதனால் என் கண் தேடியது மல்லிகாவைத்தான். அவள் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சரி, தில்லுமுல்லு இல்லை என்று நிம்மதியாகி, பந்தைக் கனகாவிடம் கொடுத்தேன்.

அணியிலேயே மோசமாக எறிகிற ஆளை ஒருவர் ஏமாற்றி அனுப்புவார் என்று எந்த ரெஃப்ரிக்குத் தோன்றும்?

கனகா பந்தை இரண்டு கையாலும் முழங்காலுக்குக் கீழே கொண்டுபோனார். கிணற்றிலிருந்து வாளி இறைக்கிற மாதிரி ஒரு வீச்சு. பந்து பலகையில் பட்டு, வளையத்தைச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது. ஊர் கத்தியது. இரண்டாவது எதையும் தொடாமல் நேராக உள்ளே போனது. அப்போது ஊர் கத்தவில்லை. ஒரு நிமிஷம் நம்பாமல் பார்த்துவிட்டு அப்புறம்தான் கத்தியது. கனகா தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ரெஃப்ரி முகத்தில் உணர்ச்சி காட்டக் கூடாது. நான் காட்டிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

புதூர்நாடு 42, வாணியம்பாடி 41.

வாணியம்பாடி பந்தை எடுத்துக்கொண்டு ஓடியது. மல்லிகா குறுக்கே விழுந்து தட்டிவிட, பந்து கோட்டைத் தாண்டி என் காலடிக்கு வந்தது. ஒன்பது விநாடி பாக்கி. வெளியிலிருந்து உள்ளே எறிய வேண்டியது வாணியம்பாடி. பந்தைக் குனிந்து எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுக்கக் கையை நீட்டினேன். அப்போது புதூர்நாட்டு பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“இன்னொரு ஃபவுல் கெடச்சா செல்வி மொறடீ, செல்வி மொற!”

முறையா? என்ன முறை?

மல்லிகாவைப் பார்த்தேன். முழங்கையில் சிராய்ப்பு, ஏற்கெனவே உறைந்த ரத்தம். அதை ஊதிக்கொண்டிருந்தாள். கனகாவைப் பார்த்தேன். சின்னக் கீறல்கூட இல்லை. இடிபட்டது ஏழு. எறிந்தது பதினொன்று. பந்தை எடுத்துக் கொடுத்தது நான்.

இனி ரூல் புக். பயப்படாதீர்கள், சின்னதுதான். ரெஃப்ரி செய்யும் சில தப்புகளைத் திருத்திக்கொள்ள விதியே இடம் தருகிறது. தகுதியில்லாமல் ஃப்ரீ த்ரோ கொடுத்தது, கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதது, பாயிண்டைத் தப்பாகச் சேர்த்தது, ஆள் மாறி எறிந்தது, இவையெல்லாம் அதில் அடக்கம். ஆனால் கெடு உண்டு. தப்புக்குப் பிறகு கடிகாரம் ஓடி, ஆட்டம் முதல் முறை நிற்கிறதே, அதுதான் கடைசிச் சந்தர்ப்பம். அடுத்து பந்து ஆட்டக்காரர் கைக்குப் போய்விட்டால் முடிந்தது. அதற்கப்புறம் ரெஃப்ரியே அழுது புரண்டாலும் திருத்த முடியாது. தப்பு தப்பாகவே நிலைத்துவிடும்.

அந்தப் பந்து அப்போது என் கையில் இருந்தது.

வாணியம்பாடிப் பெண் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. யாரும் கவனிக்கவில்லை. ஷமீம் கவனிக்கவில்லை. ரஃபீக் பாய் கவனிக்கவில்லை. கொடுத்துவிட்டால் என் பேரும் பிழைக்கும், கனகாவின் மூன்று வருடமும் பிழைக்கும், மலையே கொண்டாடும். எல்லோருக்கும் நல்லது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பொய் சொல்ல மாட்டேன். கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பந்து பாதி தூரம் போய்விட்டது. அப்புறம்தான் கையை நீட்டி நிற்கிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோமே என்ற பதற்றத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவள் உண்மையில் முன்னால் இருக்கிறாள். அது அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். பந்தை இழுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விசில் ஊதினேன்.

ரஃபீக் பாய் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். இடிபட்டது மல்லிகாதான், சந்தேகமே இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “மேடம், நான் வாணியம்பாடிக்காரன். இதுல நான் வாயத் தொறந்தா பேச்சு வேற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லிடுங்க” என்றார். நியாயம்தான்.

மேசைக்குப் போனேன். கோவிந்தன் சார் ஸ்கோர் ஷீட்டில் இரண்டு பாயிண்டையும் பதினொன்று என்று ஒழுங்காகவே எழுதியிருந்தார். இடிபட்டது ஏழு என்று தெரியுமா சார் என்று கேட்டேன். தெரியும் என்றார். அப்புறம் ஏன் சொல்லவில்லை?

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “முறைப்படிதான மேடம் போட்டாங்க?”

பிறகுதான் விளங்கியது. மலையில் எந்தக் காரியமும் முறை வைத்துத்தான். காட்டுப்பன்றிக்குக் காவல் கிடப்பதா, வீட்டுக்கு ஒரு நாள் முறை. கோயில் பொங்கலுக்கு விறகு கொண்டுவருவதா, அதுவும் முறை. கூடைப்பந்து மலையேறி வந்தபோது அதையும் அப்படியே முறையில் சேர்த்துவிட்டார்கள். இடித்தது ஒருத்தியை என்றாலும் அடி அணிக்குத்தானே? அப்படியானால் கிடைப்பதும் அணிக்குத்தான். ஆளுக்கொரு முறை. மல்லிகா நன்றாக எறிவாள் என்பதற்காக அவளே எறிந்துகொண்டிருந்தால் மற்றவர்கள் எதற்கு? முறை வந்தால் கனகாவும் எறிவார், ஆட்டத்தின் தலையெழுத்தே அதில் இருந்தாலும் எறிவார்.

அப்படியானால் இதற்கு முன்னால்..? கேட்கவே பயமாக இருந்தது. கேட்டேன். இரண்டாவது கால் பகுதியில் இரண்டு தடவை இதேபோல முறைப்படி ஆள் மாறி எறிந்திருக்கிறார்கள். நாலு எறியில் ஒன்று உள்ளே போயிருக்கிறது. கண்ணில் மண்ணைத் தூவ முடியாத மேடம் மூன்று தடவையும் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன்!

அந்தப் பழைய பாயிண்டைத் தொட முடியாது, அதன் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கனகாவின் இரண்டை எடுத்தாக வேண்டும். பந்தும் வாணியம்பாடிக்கு. இதில் கொடுமை என்ன தெரியுமா? பந்து கனகாவின் கையை விட்டுப் போவதற்கு முன் நான் கவனித்திருந்தால், “அம்மா, நீங்க இல்ல, ஏழாம் நம்பர் வாங்க” என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு தண்டனையும் இல்லை. மல்லிகா கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் போட்டிருப்பாள்.

மல்லிகாவையும் ஷமீமையும் கூப்பிட்டேன். ஒரு பிழை நேர்ந்துவிட்டது என்று ஆரம்பித்தேன். கவனியுங்கள், நேர்ந்துவிட்டது! மழை வந்தது என்று சொல்வது போல, யாரும் செய்யாமல் அதுவாக வந்த மாதிரி. பழைய கதையையும் சொல்லி, இந்த இரண்டு பாயிண்ட் ரத்து என்றேன். ஷமீமுக்கு அது போதவில்லை, அந்தப் பழைய ஒரு பாயிண்ட் மட்டும் எந்த நியாயத்தில் நிற்கிறது என்று சண்டைக்கு வந்தார். காலேஜிலும் அவர் அப்படித்தான். அவருக்குக் கெடுவை விளக்கிவிட்டுத் திரும்பினால், மல்லிகா இன்னும் அங்கேயே நின்றிருந்தாள்.

“மேடம், எங்களுக்கு ரூல் தெரியல, சரி. உங்களுக்குத் தெரியும் இல்ல? கனகாக்கா கையில பந்த யாரு குடுத்தது?”

நான் குடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே எழுத்து, நான் என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. விதி எண் என்ன, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டது அதையல்ல என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்கோர் போர்டில் 42 போய் 40 வந்தது. அப்போது ஆரம்பித்த திட்டு பற்றி விரிவாக எழுத பத்திரிகை ஆசிரியர் அனுமதிக்க மாட்டார். ஜீப் டிரைவர்கள் ஹாரனையே அமுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கனகா மட்டும் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. விசிலைக் கடித்துக்கொண்டேன்.

ஒன்பது விநாடி. புதூர்நாடு பேய் மாதிரி துரத்தியது. வாணியம்பாடிப் பெண்கள் பந்தைக் கைக்குக் கை மாற்றி மாற்றி… முடிந்தது. 41க்கு 40.

வீட்டுக்கு வந்த பிறகும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தப்பு செய்வதொன்றும் பெரிய விஷயமில்லை. அதைத் திருத்துவதற்கு ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறதே, அதைத்தான் நாம் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பேர் விட்டுப்போயிருப்பது ப்ரூஃப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். “ஐயோ, மறுபடி பிரஸ்ஸுக்குப் போகணுமே” என்று ஒரு சோம்பல். அச்சடித்த பிறகு மூன்று தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இல்லை. வாட்ஸ்அப்பில் தப்பான குரூப்பில் போட்டதை உடனே அழிக்காமல், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள் என்று தைரியமாக உட்கார்ந்திருப்போம். எத்தனை தடவை பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரும் கவனிக்கவில்லை என்று கொடுத்திருக்கிறோம்?

சரி, நான் கொடுக்கவில்லை. அதற்காக என்னைப் பாராட்டிக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அதற்கும் கனகா விடவில்லை.

ஆட்டம் முடிந்து எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்தார்கள். தோற்ற அணியின் ஊர்க்காரர்கள் ஜெயித்த அணிக்குப் பலாப்பழம் அறுத்தார்கள். எனக்கும் ஒரு தட்டு வந்தது. கொண்டுவந்த பெரியவர், “சாப்புடுங்க மேடம். அநியாயமா பண்ணிட்டீங்க, சாப்புடுங்க” என்றார். இரண்டும் ஒரே மூச்சில். நான் சாப்பிட்டேன். ரஃபீக் பாய் இரண்டாவது தட்டு கேட்டு வாங்கினார்.

ஜீப்பில் ஏறப் போகும்போது கனகா வேகமாக வந்தார். சரி, பாக்கித் திட்டு இது என்று தயாரானேன். அவர் என் கையைப் பிடித்து, கோர்ட்டுக்கு மேலே இருந்த மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். போன் சிக்னல் அங்கேதான் கிடைக்குமாம்.

“மேடம், ரெண்டும் உள்ள போச்சு இல்ல?”

போச்சு என்றேன்.

“நீங்க அழிச்சது போர்டுலதான? உள்ள போனது போனதுதான?”

ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் புளி மூட்டை ஏற்றிக்கொண்டு திருப்பத்தூர் போயிருக்கிறாராம். தான் சொன்னால் நம்ப மாட்டாராம். ரெஃப்ரி வாயால் சொன்னால் நம்புவாராம். நான் யோசிப்பதற்குள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, போனை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டார்.

நான்தான் ரெஃப்ரி பேசுகிறேன், உங்கள் மனைவி எறிந்த இரண்டு பந்தும் உள்ளே போனது, பக்கத்தில் நின்று பார்த்தேன் என்று சாட்சி சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “மெய்யாவாங்க? ரெண்டுமேவா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கொஞ்சம் யோசித்தார்.

“ரெண்டும் உள்ள போயிருந்தா, அப்புறம் எப்டிங்க தோத்தாங்க?”

விதி எண் ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்தில் கனகா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இவரிடம் விதி எண்ணைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“என் தப்புங்க. பந்தை நான்தான் ஆள் மாத்திக் குடுத்துட்டேன்” என்றேன். இதை மல்லிகாவிடம் சொல்லியிருக்க வேண்டும். கீழே இறங்கியதும் முதல் வேலையாக அவளிடமும் போய்ச் சொன்னேன். ஆனால் அன்றைக்கு அதை முதலில் காதில் வாங்கியது புளி மூட்டைகளுக்கு நடுவில் நின்ற அந்த மனிதர்தான்.

அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டார்.

“நாங்க தப்பு பண்ணா நீங்க விசில் ஊதுவீங்க. நீங்க தப்பு பண்ணா யாருங்க ஊதுவாங்க?”

“நாங்களேதாங்க ஊதிக்கணும்.”

கனகா போனுக்குள் எட்டிச் சொன்னார்:

“ஊதிக்கிட்டாங்க மாமா. அதான் தோத்துட்டோம்.”